வாரா டீச்சர்

மணியடித்த சுத்தியலைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, தண்டவாளத் துண்டின் ரீங்காரம் அடங்குவதற்குள் போய்க் கேட்டைச் சாத்திவிடுவார் பெர்சிஸ் டீச்சர். ஓடி வருகிற பிள்ளையை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டேதான் சாத்துவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. சோற்றுப் பானையை மூடுகிற முகம். “மணிக்கு முன்னால வந்தா மாணாக்கன். மணிக்குப் பெறவு வந்தா விருந்தாளி. விருந்தாளிக்கு இங்கன எலை கெடையாது” என்று கம்பிக்கு உள்ளே இருந்து சொல்வார்.

ஜெபகனி அந்த முகத்தைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவன். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. டீச்சர் வேலைக்கு வந்த புதுசு. விடியுமுன் அப்பனோடு வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றிவிட்டுத்தான் அவன் பள்ளிக்கூடம் வர வேண்டும். தோளில் வாழைக்கறை காயுமுன்னே ஓடி வருவான். கேட் சாத்தியிருக்கும். வெளியே நின்று நின்று காலும் மனசும் விட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் வராமலே இருந்துகொண்டான். ஒருநாள் டீச்சர் சிவப்பு மையில் கோடு இழுத்து அவன் பேரையே வெட்டிவிட்டார். “வராத புள்ளைக்குப் பேரு எதுக்கு?”

முப்பத்தைந்து வருசம் ஆகிறது. இன்றைக்கும் ஜெபகனி டீக்கடையில் உட்கார்ந்து “எம் பேரை வெட்டுன பொம்பளை” என்றுதான் சொல்வானே தவிர, டீச்சர் என்று சொல்ல மாட்டான். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் தெருவில் வந்துவிட்டால், மடித்துக் கட்டிய சாரத்தைத் தன்னையறியாமல் இறக்கி விட்டுக்கொள்வான். அவன் வேன்தான் பக்கத்துப் பட்டிகளில் இருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறது. பிழைப்பு வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

ஊர் கீழமடைக்குறிச்சி. ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே, ஆற்றில் இருந்து பிரிகிற வாய்க்காலின் கரையில் இருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஊரிலேயே மாடி உள்ள கட்டடம் அது ஒன்றுதான்.

டீச்சருக்குக் கல்யாணம் காட்சி இல்லை. கோயில் தெருவில் ஓட்டு வீடு. வாட்சை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். நேரம் பார்க்கும்போது கைக்குள் எதையோ ஒளித்து வைத்துப் பார்க்கிறதுபோல இருக்கும். எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு. பிள்ளைகளின் உச்சந்தலையை மோந்து பார்த்து, எண்ணெய் வைக்காத பிள்ளையை அன்றைக்கு முழுக்க “ஏ பரட்டை” என்றே கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துச் சாவியை இடுப்பில் ஊக்கு மாட்டிக் குத்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அதோடுதான் வருவார். ஞானப்பாட்டுக்கு அவர் எழுந்திருக்கும்போது சாவி பெஞ்சில் தட்டும். பின்னால் தூங்கி வழிகிறவர்கள் அந்தச் சத்தத்தில்தான் விழித்து எழுந்து நிற்பார்கள்.

பேர் கூப்பிடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வந்த பிள்ளை “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லும். வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை எழுந்து பதில் சொல்ல வேண்டும். காய்ச்சலா, மாமா வீட்டுக்குப் போயிருக்கிறானா, ஆடு மேய்க்கப் போனானா, எதுவானாலும் அதுதான் சொல்ல வேண்டும். “பக்கத்துல இருக்கவளுக்குத் தெரியாம ஒருத்தி எங்கன போயிருவா?” என்பது டீச்சரின் கணக்கு.

மூன்றாம் வகுப்பில் இஷ்ரத் என்று ஒரு பிள்ளை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. தகப்பன் சவூதியில். தாய் முஃபீதா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள். இஷ்ரத் ஒருநாளும் மணிக்கு முன்னால் வந்தது கிடையாது. அவள் பேர் வரும்போது பக்கத்தில் உட்காருகிற டெபோராதான் எழுந்திருப்பாள். “வாரா டீச்சர்.” டீச்சர் தலையைத் தூக்காமல், “எங்கன வாரா?” என்பார். “வாய்க்கா பாலத்துகிட்ட வாரா டீச்சர்.” டெபோரா சொன்னால் சரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் இஷ்ரத் கேட்டுக்கு வெளியே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் பாடம் முடிகிறமட்டும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பேருக்கு நேரே டீச்சர் ஒரு புள்ளி வைப்பார். பிந்தி வந்தவர்களுக்குப் புள்ளி.

மார்கழி பிறந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் அக்காள் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் பாளையங்கோட்டை போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குளம் உடைந்தது. அந்தப் பக்கம் ஆறு ஊருக்குள் வந்தது. சனம் பூராவும் பள்ளிக்கூடத்து மாடியைப் பார்த்து ஓடியது. கேட்டில் பூட்டு. சாவி பாளையங்கோட்டையில் டீச்சர் இடுப்பில்.

மதில் உயரம், மேலே கண்ணாடிச் சில் பதித்தது. தண்ணீர் முழங்காலில் இருந்து இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜெபகனி வேனுக்குப் போய் ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து பூட்டை நெம்பினான். அது டீச்சர் வாங்கிய பூட்டு, லேசில் விடுமா? ஒரு ஞானப்பாட்டு பாடி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். பூட்டு தெறித்தபோது பின்னால் நின்ற கூட்டம் மொத்தமாக நெருக்கித் தள்ளியது. முஃபீதாவுக்கு ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் இஷ்ரத். மாடிப்படியில் ஏறி நின்று அவள் பார்த்தபோது மறு கை வெறுங்கையாக இருந்தது.

பிள்ளை கிடைக்கவில்லை. ஆற்றோரம், வாழைத்தோட்டம், கருவேலங்காடு என்று எல்லாம் தேடியாகிவிட்டது. முஃபீதா உடன்குடிக்குத் தாய் வீட்டோடு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் டிராக்டரில் ஏறி டீச்சர் வந்து சேர்ந்தார். சகதிக்குள் கிடந்த பூட்டைக் குனிந்து எடுத்தார். யார் உடைத்தது என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. முந்தானையால் துடைத்து, சுத்தியல் கிடக்கிற அதே கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் உடைத்தாய் என்று ஒரு சொல் கேட்கட்டும், கொடுக்கிற பதிலை அன்றைக்குக் கொடுப்போம் என்று ஜெபகனி பக்கத்திலேயே நின்றான். டீச்சர் அவனைத் தாண்டி நடந்து போனார்.

தை மாசம் பள்ளிக்கூடம் திறந்தது. மதில் பாதி விழுந்து, கேட் ஆற்றோடு போய், பெஞ்சு இல்லாமல் பிள்ளைகள் தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்புச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு டீச்சரின் தலைக்கு மேலே இருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டுதான் டீச்சர் பேர் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் அந்தப் பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

“இஷ்ரத்.”

வேனைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெபகனிக்குக் கை நின்றுபோயிற்று. உள்ளே டெபோரா எழுந்தாள்.

“வாரா டீச்சர்.”

டீச்சர், என்றைக்கும் கேட்கிற அதே குரலில், “எங்கன வாரா?” என்றார்.

“புன்னக்காயல்ல நிக்கா டீச்சர்.”

புன்னக்காயல் ஆறு கடலில் விழுகிற இடம். டெபோரா அங்கே போனது கிடையாது. டீச்சர் புள்ளி வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

டெபோராவுக்கு வேறு ஒரு கோளாறும் இல்லை. சோறு தின்றாள், பாண்டி விளையாடினாள், மற்றப் பிள்ளைகளின் பென்சிலைப் பிடுங்கினாள். யாரு பிள்ளே உனக்குச் சொன்னது என்று கேட்டால், நம்மைத்தான் கிறுக்கு என்பதுபோலப் பார்த்து, “அவ வாராள்லா” என்பாள். ஒரு வாரத்துக்கு அவளை நான்காம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பில் டீச்சர் பேர் கூப்பிட, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் இருந்து “வாரா டீச்சர்” என்று பதில் வந்தது. அவளைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியபோது இஷ்ரத் ஆத்தூருக்கு வந்திருந்தாள். குருத்தோலை ஞாயிறு கழித்து ஏரல் பாலத்துக்குக் கீழே. ஆற்றுப் போக்குக்கு எதிராக, கடலில் இருந்து ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். டீக்கடையில் ஒருத்தன், “ஏன்வே, நடந்தா வாரா? ஏரல்ல இருந்து பஸ் கெடக்குல்லா” என்றான். அவனே சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

சனங்கள் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கினார்கள். வேனில் காலி இடம் கண்டது. டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து பஸ் வாய்க்கால் பாலம் வரை வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

டெபோராவின் தகப்பன் அப்பாத்துரை வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன். அவன் யாரிடமும் கேட்கவில்லை. சொந்தக் கம்பியில் புதுக் கேட் ஒன்று செய்து, ஆள் வைத்து மதிலைக் கட்டி, மாட்டிவிட்டான். ஜெபகனியைக் கூப்பிட்டு, “மணி அடிச்சதும் நீரு சாத்திரும்வே. நாதாங்கியப் போட்டுரும். அந்தம்மா இப்பம்லாம் கேட்டுப் பக்கமே வாரதில்ல” என்றான்.

“நானா?”

“வேற யாரு? எம் புள்ளை உள்ள இருக்கு.”

அது உண்மைதான். வெள்ளத்துக்குப் பிறகு டீச்சர் மணியடித்துவிட்டு நேரே வகுப்புக்குள் போய்விடுவார். இடுப்பில் சாவியும் இல்லை. கோயிலில் அவர் எழுந்து நிற்பது பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

ஜெபகனி சாத்தினான். சாத்தும்போது புதுக் கேட் லேசாக எதிர்த்தது. பெரிய கனம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கம்பியில் தொற்றிக்கொண்டு ஆடினால் இருக்குமே, அந்தக் கனம்தான். கீல் இறுக்கம் என்று நினைத்து மறுநாள் எண்ணெய் விட்டான். எண்ணெய்க்கு அது கேட்கவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிற காலை நேரத்தில், நாதாங்கி மட்டும் ஆற்றுக்குள் கிடந்த இரும்புபோலச் சில்லிட்டுக் கிடந்தது. “எவன்டா இங்கன தண்ணி ஊத்துனது” என்று ஒருத்தருமில்லாத ரோட்டைப் பார்த்து ஏசிவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். உள்ளே டீச்சர் கேட்டார்: “எங்கன வாரா?”

“கேட்டுகிட்ட நிக்கா டீச்சர். சாத்திருக்கு.”

மறுநாளும் அதே பதில், அதற்கு அடுத்த நாளும் அதேதான். கடலில் இருந்து அத்தனை தூரம் வந்தவள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

கடைசி வேலைநாளுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் ஸ்தோத்திரக் கூட்டம். வருசா வருசம் நடக்கிறதுதான், போன வருசத்துக்கு நன்றி சொல்லி, வருகிற வருசத்துக்கு ஜெபம் பண்ணுகிற கூட்டம். அந்த மே மாசத்தோடு டீச்சருக்கு ஓய்வு. சபைக் குருவானவரை அந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்குத் தாளாளரும் அவர்தான். அவர் எழுந்து, இது சோதனையின் ஆண்டு என்றார். இடிந்தது, மறுபடியும் கட்டியது, பெஞ்சு கொடுத்தவர்கள், சமையல்கட்டுக்கு ஓடு கொடுத்தவர்கள் என்று வரிசையாகச் சொன்னார். கழிவறையும் புதிதாகக் கட்டப்படும் என்றபோது பின்னால் இருந்து ஒரு கிழவர், “வெள்ளத்துல ஒரு நல்ல காரியம் நடந்துச்சுன்னா அந்தப் பழைய கக்கூசு போனதுதான் ஐயா” என்றார். பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். அடுத்த வருசம் இத்தனை பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் பள்ளிக்கூடம் நிற்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்று ஐயர் முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

அப்பாத்துரை எழுந்தான். “எல்லாம் சரி ஐயா. அந்தப் பேரை வெட்டச் சொல்லுங்க. வெட்டுனா எங்க புள்ளைக இங்கனயே படிக்கும். வெட்டாட்டா நாளைக்கே டி.சி. குடுத்துருங்க, அம்புட்டுப் பேரும் வாங்கிக்கிடுதோம்.”

“டீச்சர், இது நம்ம விசுவாசத்துக்கே...” என்று ஐயர் இழுத்தார்.

“இதுல விசுவாசம் ஒண்ணும் இல்ல ஐயா. அட்டன்டன்சு” என்றார் டீச்சர்.

வாயில் கிடந்த கிராம்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கைப்பையைத் திறந்து அந்தப் பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நெம்பின தழும்பு அதில் அப்படியே இருந்தது. ஜெபகனி வாசல் ஓரமாக நின்றிருந்தான். இந்த நாளுக்குத்தான் அவன் காத்திருந்தது. நீங்க பூட்டுன பூட்டுதான் அந்தப் புள்ளைய முழுங்குச்சு என்ற ஒரு வாக்கியத்தை நாலு மாசமாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்தான். அந்த வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் ஆக்கிவிட்டார் டீச்சர்.

“அன்னைக்குப் பாளையங்கோட்டையில பந்தியில உக்காந்திருக்கேன். சாவி இடுப்புல குத்திக்கிட்டே இருந்துச்சு. ஊக்கு வெலகிருக்கும்னு நெனைச்சேன். தடவிப் பாத்தா ஊக்கு சரியாத்தான் இருக்கு. பெறவும் குத்துச்சு. எலையில பாயாசம் விட்டாவ, குடிச்சேன்.”

டெபோரா தாயின் மடியில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

“பேரை வெட்டுதேன். வெட்டத்தான் வேணும், எனக்குத் தெரியும். உள்ள வந்த புள்ளை பேரை வெட்டலாம். வெளிய நிக்கவ பேரை எப்பிடி வெட்ட? அப்பிடி ஒருக்கா வெட்டிருக்கேன்.” டீச்சர் வாசலைப் பார்த்தார். ஜெபகனி சாரத்தை இறக்கிவிட்டான். அது ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. “நாளைக்கு ஒருநாள் கேட்டைத் தொறந்து போடுங்க. பேரைக் கூப்பிடுதேன். அதுக்குப் பெறவு நானே வெட்டுதேன்.”

“தொறந்து போட்டா...” என்று அப்பாத்துரை தொடங்கினான். அவன் சம்சாரம் சாலோமி உறங்குகிற பிள்ளையின் முடியைக் கோதிக்கொண்டே பைய சொன்னாள்: “தொறந்து போடட்டுமே. முஃபீதா புள்ளைதான. வேற யாரும் இல்லைல்லா.”

மறுநாள் கடைசி வேலைநாள். பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பெற்றவர்கள் உள்ளே வராமல் வாய்க்கால் பாலத்தில் கூட்டமாக நின்றார்கள். டீச்சர் அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். பிள்ளைகளின் தலைகளை மோந்து பார்த்தார். யாரையும் பரட்டை என்று சொல்லவில்லை. மணியடித்தார். சுத்தியலைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, கேட்டுப் பக்கம் திரும்பாமல் வகுப்புக்குள் போனார்.

ஜெபகனியின் கை பழக்கத்தில் கேட்டுக்குப் போனது. தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டான். பிறகு திறந்து கிடந்த வாசலின் நட்டநடுவே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். ரோட்டில் வெயில் மட்டும் கிடந்தது. எங்கிருந்தோ வண்டல் வாடை வந்தது, தண்ணீர் வற்றின குளத்துக்குள் இறங்கினால் வருமே, அது.

உள்ளே பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. “உள்ளேன் டீச்சர்.” “உள்ளேன் டீச்சர்.” பிறகு அந்தப் பேர். டெபோரா எழுந்திருக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

“வாரா டீச்சர்.”

“எங்கன வாரா?”

“கேட்டுல நிக்கா டீச்சர். வேன் மாமா மறிச்சிக்கிட்டு நிக்காவ.”

டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். கையில் பேனா மூடி திறந்தபடி இருந்தது. முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னால் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே முகம்தான், கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் அந்த முகம் ஜெபகனியைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், அவன் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏலே ஜெபகனி” என்றார் டீச்சர். அவன் பேரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. “கொஞ்சம் வெலகி நில்லு. புள்ளை உள்ள வரட்டும்.”

ஜெபகனி மதிலோடு முதுகை ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, வழிவிட்டு நின்றான்.